கனடாக்காரர் குடும்பத்துக்கு நான் வைத்த பெயர்கள்

பாப்பா, போன வாரம் அந்தப் பழைய வெள்ளை பனியனின் முதுகில் இருக்கிற பெயர்களை ஒவ்வொன்றாகப் போனில் தட்டித் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, இப்படி ஒரு குடும்பமே உலகத்துல இல்லப்பா" என்று என்னிடம் வந்து சொன்னாய். தம்பி உடனே, "அப்ப பேய்க் குடும்பம்" என்றான். நான் ஏதோ பழைய ஆர்டர் என்று மழுப்பிவிட்டு எழுந்து போய்விட்டேன்.

நீ கண்டுபிடித்தது சரிதான். அப்படி ஒரு குடும்பம் கிடையாது. அதை உண்டாக்கியவன் பத்தாம் வகுப்பு படித்த உங்கள் அப்பன். எப்படி என்று எழுதியே தந்துவிடுகிறேன். வாயால் சொன்னால் என்னை நல்லவனாக்கிச் சொல்லிவிடுவேன்.

நாலு வருடத்துக்கு முன் நான் அந்த பனியன் கம்பெனியில் பிரிண்டிங் மாஸ்டர். மாஸ்டர் என்றால் பெரிய படிப்பு என்று நினைக்க வேண்டாம். துணியில் சாயம் ஒழுகாமல் படம் விழுகிறதா, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய எழுத்தும் நாங்கள் அடிக்கப்போகிற எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று கடைசியாகப் பார்க்கிறவன், அவ்வளவுதான். அதற்கு அந்த பாஷை தெரிய வேண்டியதில்லை. எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தால் போதும். ஜெர்மன், ஸ்பானிஷ் என்று அர்த்தம் தெரியாத எத்தனையோ வார்த்தைகளை அப்படித்தான் பார்த்து அனுப்பினேன். ஒன்றிலும் தப்பு வந்ததில்லை. ஒரு வார்த்தைக்கு அர்த்தம் தெரியும் என்று நான் நினைத்த அன்றைக்குத்தான் வந்தது.

கனடாவில் கியூபெக் என்று ஒரு மாகாணம். அங்கே பிரெஞ்சு பேசுகிறார்கள். முந்நூறு வருடத்துக்கும் முன்னே ஒரு சிப்பாய் பிரான்சிலிருந்து கப்பலேறி அங்கே போய் இறங்கினானாம். அவன் வழியில் வந்தவர்கள் எல்லாம் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒரு நாள் கூடப்போகிறார்கள், கூடும்போது எல்லோரும் ஒரே பனியன் போட வேண்டும். முதுகில் வம்ச மரம். உச்சியில் சிப்பாய், கீழே பிள்ளைகள், பிள்ளைகள் கட்டியவர்கள், பேரப்பிள்ளைகள் என்று எட்டு தலைமுறை. அறுநூறு பனியன்.

எங்கள் முதலாளிக்கு இந்த ஆர்டர் மேல் தனிப் பிரியம். அவருக்கும் அதே வியாதி. அவர் அறையில் ஒரு சுவர் முழுக்க அவருடைய வம்ச மரம் தொங்கும். பதினாலு தலைமுறை, உச்சியில் வாளோடு ஒரு படைத்தளபதி. இந்த மாதிரி மரங்களை இப்போது போனிலும் நிறையப் பார்க்கிறேன். முன்னோரைத் தேடிப் போகிறவனுக்கெல்லாம் தளபதியோ ராஜாவோதான் கிடைக்கிறான். அந்தக் காலத்தில் ஆடு மேய்த்தவன், சாணி அள்ளியவன், அடுத்தவன் தோட்டத்தில் திருடி அடி வாங்கியவன், இவர்களில் ஒருத்தனுக்கும் பிள்ளையே பிறக்கவில்லை போல.

வேலைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அவர் பாட்டன் வரைக்கும் விசாரிப்பார். என்னையும் கேட்டார்.

"ஏனுங்க மாஸ்டர், உங்க பாட்டனாருக்கு அப்பாரு பேரு என்னங்க?"

"தெரியாதுங்க."

"அட, அதுகோடத் தெரியாதுங்களா?"

உங்களுக்கு மட்டும் என் பேர் தெரியுமாங்க என்று திருப்பிக் கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை. இந்தக் கதையில் நான் கேட்காத, சொல்லாத விஷயங்கள்தான் அதிகம்.

எழுத்துகளைக் கம்ப்யூட்டரில் அடித்தது டிசைனர் அத்தை. உங்களுக்குத் தெரியும், உங்கள் நோட்டுக்கெல்லாம் லேபிள் அடித்துக் கொடுத்தவள். நம்மைப் போலவே தென்காசிப் பக்கத்துக்காரி. அவள் சம்பளத்தில்தான் அவளும் அவள் அம்மாவும் மூன்று வயசுப் பையனும் சாப்பிட வேண்டும். அவள் பெயருக்கு முன்னால் இருக்கிற இனிஷியல் அவளுடைய அம்மாவின் பெயர். அப்பா யார் என்று அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

அவள் அடித்துக் கொண்டுவந்த தாளை நான் பார்த்தேன். ஒன்பது பெயர்களின் நடுவில் 'டிட்' என்று மூன்றே ஆங்கில எழுத்து. டி, ஐ, டி. ஒரு பெயர், பிறகு டிட், பிறகு இன்னொரு பெயர். எனக்குப் பளிச்சென்று புரிந்துவிட்டது. எங்கள் கம்பெனி தாள்களில் முதல் வரியில் 'ஒயிட்' என்று நிறம் போட்டால் கீழ் வரிகளில் 'டிட்டோ' என்று எழுதுவோம், மேலே உள்ளதே என்று அர்த்தம். முழுசாக எழுதச் சோம்பல்பட்டு 'டிட்' என்று எழுதுகிற சூப்பர்வைசர் ஒருவர் எங்களிடமே இருந்தார்.

"ஏம்மா, இது டிட்டோ. மேல உள்ள பேரே இங்கயும் வரணும்னு குறிச்சிருக்கான். அதையும் சேத்து அடிச்சு வச்சிருக்க."

"அண்ணாச்சி, அது அவங்க பாஷையில என்னமோ. வந்த மாதிரியே விட்டுருவோமே."

"முதுகுல டிட்டோன்னு போட்டுக்கிட்டு எவனாவது அலைவானா?"

"அப்ப ஒரு மெயில் போட்டுக் கேட்டுருதேன்."

"இதையெல்லாம் கேட்டா சிரிப்பான். நான் சொல்லுதேன்ல, மாத்து."

சிவப்புப் பேனாவை எடுத்து, 'டிட்' இருந்த ஒன்பது இடத்திலும் மேல் வரிப் பெயரை நானே எழுதிக் கொடுத்தேன். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடித்தாள். அச்சடித்த மாதிரியைப் படம் எடுத்துச் சென்னையில் இருக்கிற பையரின், அதாவது சரக்கு வாங்குகிறவரின், ஆபீசுக்கு அனுப்பினோம். அவர்கள் நிறத்தையும் அளவையும் பார்த்தார்கள், சரி என்றார்கள். பெயரை எவன் படிக்கிறான்? அறுநூறும் அடித்து முடித்தோம்.

அந்தச் சங்கத்தின் தலைவர் அந்த மாதம் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தார். பனியனை நேரிலேயே பார்த்துவிட்டுப் போகிறேன் என்று திருப்பூருக்கும் வந்துவிட்டார். எழுபது வயசு இருக்கும். நல்ல உயரம், வெயிலில் சிவந்த மூக்கு, தோளில் ஒரு துணிப்பை. முதலாளி மாலை போட்டு அழைத்துப்போய் முதலில் காட்டியது பனியனை இல்லை, சுவரில் தொங்கிய தன் மரத்தை. பெரியவர் பையிலிருந்து தன் மரத்தை உருவினார். இரண்டு பேரும் மேஜையில் இரண்டையும் விரித்துப் போட்டுக்கொண்டு, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் ஜாதகம் பார்க்கிற மாதிரி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஐம்பது பேர் வேலையை நிறுத்திவிட்டு வரவேற்பதற்கு நின்றுகொண்டிருந்தோம்.

பிறகு செக்கிங் மேஜைக்கு வந்தார்கள். பெரியவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பனியனின் முதுகை விரலால் தடவித் தடவி வாசித்தார். இரண்டாவது வரியில் விரல் நின்றது. மூன்றாவதில் மறுபடி நின்றது. கழுத்து வரை சிவந்துவிட்டார். மெதுவான ஆங்கிலத்தில் அவர் சொன்னது எனக்கே புரிந்தது.

"இந்தப் பெண்மணி தன் மாமனாரையே கல்யாணம் செய்திருக்கிறாள்."

விரல் இன்னும் கீழே போனது.

"இவன் தன் மகனுக்கே மகனாகப் பிறந்திருக்கிறான். எப்படி?"

முதலாளி திரும்பினார். "இதை அடிச்சது ஆருங்க?"

டிசைனர் அத்தை ஒரு அடி முன்னால் வந்தாள். வாயைத் திறப்பதற்குள் என்னைப் பார்த்தாள். நான் பனியனைப் பார்த்தேன்.

"நாளையிலிருந்து நீங்க வர வேண்டாமுங்க அம்மணி" என்றார் முதலாளி. இந்த ஊர்ப் பேச்சின் அழகு அது. வேலையை விட்டுத் துரத்துவதையும் 'ங்க' போட்டுத்தான் செய்வார்கள். அதோடு விட்டிருக்கலாம். எங்கள் எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "வம்சம்னா என்னன்னு தெரிஞ்சாத்தானுங்க இதைச் சரியா அடிப்பாங்க? தாத்தன் பேரே தெரியாத கூட்டம். அப்பன் பேருக்கே வழியில்லாததையெல்லாம் வேலைக்கு வெச்சது என்னோட தப்புங்க."

அவள் நாற்காலியில் மாட்டியிருந்த டிபன் பையை எடுத்துக்கொண்டு, அத்தனை தையல் மெஷின்களுக்கும் நடுவில் நடந்து வெளியே போனாள். நான் பிரிண்டிங் பக்கம் போய்க் குழாயைத் திறந்து கை கழுவினேன். கையில் அழுக்கே இல்லை.

முதலாளியோடு சாப்பிட்டுவிட்டுப் பெரியவர் தனியாக பிரிண்டிங் பக்கம் இறங்கி வந்தார். எப்படி அடிக்கிறோம் என்று பார்க்க ஆசை என்றார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஏதோ கேட்டார். டீக்கும் ஜீக்கும் நடுவில் ஒரு சத்தம் காதில் விழுந்தது. டீ கேட்கிறார் என்று நினைத்து ஆளை அனுப்பி வாங்கிவரச் சொல்லிவிட்டேன். டீ வந்ததும் அவர் டம்ளரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அப்புறம் பனியனில் அந்த வார்த்தை இருந்திருக்க வேண்டிய இடத்தைத் தொட்டுக் காட்டினார். 'டிட்' என்று நான் படித்ததை அவர்கள் அப்படித்தான் உச்சரிப்பார்களாம்.

டீயைக் குடித்துக்கொண்டே, அதே மெதுவான ஆங்கிலத்தில் சொன்னார். அந்தக் காலத்தில் பட்டாளத்தில் சேர்கிற ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் வைப்பார்களாம். கவலையில்லாதவன், மலைவெட்டி, பூ, இப்படி. அப்பன் வழியில் வந்த பெயர் ஒன்று, பட்டாளத்துப் பட்டப்பெயர் ஒன்று, இரண்டுக்கும் நடுவில் இந்த வார்த்தை. இன்னார் என்று அழைக்கப்படுகிறவர் என்று அர்த்தம். அவருடைய சிப்பாய்க்குக் 'கவலையில்லாதவன்' என்று பெயர். பின்னால் வந்த பிள்ளைகளில் சிலர் அப்பன் பெயரை வைத்துக்கொண்டார்கள், சிலர் பட்டப்பெயரையே குடும்பப் பெயர் ஆக்கிக்கொண்டார்கள். ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி ஒரே கல்லறைத் தோட்டத்தில் இரண்டு வேறு குடும்பப் பெயரோடு கிடக்கிறார்களாம். இவர்கள் ஒரே குடும்பம்தான் என்று கோயில் கோயிலாக ஞானஸ்நானப் பதிவையும் கல்யாணப் பதிவையும் புரட்டிக் கண்டுபிடிக்க அவருக்கு முப்பது வருடம் ஆனதாம்.

நம் ஊர்ப் போஸ்டர்களில் ஒரு பெயரைப் போட்டு, அடைப்புக்குறிக்குள் 'எ' போட்டு, பக்கத்தில் கூப்பிடுகிற பெயரைப் போடுவார்களே, 'என்கிற' என்று, அதுதான் இது. கண்ணீர் அஞ்சலி போஸ்டரிலும் இருக்கும், போலீஸ் தேடுகிறவன் போஸ்டரிலும் இருக்கும். தெருவுக்குத் தெரு பார்த்த விஷயம். அதை நான் டிட்டோ என்று படித்திருக்கிறேன்.

தெரியாத அவமானத்தில் எனக்குக் கொஞ்சம் குதர்க்கம் வந்தது.

"அந்தச் சிப்பாய் தன் பெயரை எப்படி எழுதுவார்?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

"அவருக்கு எழுதத் தெரியாது. கல்யாணப் பதிவில் ஒரு கோடு கிழித்திருக்கிறார். பெயரைப் பாதிரியார்தான் எழுதினார். நாலு இடத்தில் நாலு விதமாக."

முப்பது வருடம் தேடிய பெருமைமிக்க குடும்பப் பெயர், ஒரு பாதிரியாருக்குக் காதில் விழுந்த சத்தம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

"எதற்குச் சொந்த ஊரை விட்டுப் போனார்?"

"ஊரில் அவருக்கு நிலம் இல்லை. கியூபெக்குக்கு வந்தால் தருகிறோம் என்றார்கள்."

"அங்கே நிலம் சும்மா கிடந்ததா?"

பெரியவர் டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லை. ஆட்கள் இருந்தார்கள்."

"அவர்கள் பெயர்?"

"ஞானஸ்நானம் பெற்றவர்களுக்குப் பாதிரியார் வேறு பெயர் வைத்து எழுதினார். பழைய பெயர்களைப் பெரும்பாலும் யாரும் எழுதி வைக்கவில்லை."

எட்டு தலைமுறையைப் பனியனில் போட்டாயிற்று. யார் மண்ணில் அந்த மரம் முளைத்தது என்பதற்கு மட்டும் பதிவு இல்லை. முதலாளி வீட்டு மரத்திலும் அப்படித்தான். தளபதிக்குப் பெயர் இருக்கிறது, அவர் வெட்டியவனுக்குப் பெயர் இல்லை. இதையெல்லாம் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுகிறார்கள்.

ஆனால் அந்தப் பெரியவர் மேல் என் இளக்காரம் அதிக நேரம் நிற்கவில்லை. அவர் எழுந்து, "அந்தப் பெண் எங்கே? அந்த வார்த்தையை நான் முதலிலேயே விளக்கி எழுதியிருக்க வேண்டும். தவறு என்னுடையது. அவளோடு உட்கார்ந்து திருத்திவிடலாம்" என்றார்.

தப்பே செய்யாத ஒரு மனுஷர், கடல் தாண்டி வந்து, தப்பு என்னுடையது என்கிறார். நான் ஃபைலைத் திறந்து சிவப்புப் பேனா போட்ட அந்தத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். பார்த்தார். "இது உங்கள் எழுத்தா?" என்றார். ஆமாம் என்றேன். "முதலாளிக்குத் தெரியுமா?" இல்லை என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு முதலாளி அறைக்கு மாடிப்படி ஏறினேன்.

முதலாளி தாளைப் பார்த்தார்.

"ஏனுங்க மாஸ்டர், காத்தால அந்தப் புள்ளையப் பேசும்போது வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?"

"பயந்துட்டனுங்க."

"இப்பப் பயம் போயிருச்சுங்களா?"

"இல்லீங்க."

கொஞ்ச நேரம் மேஜையைத் தட்டிக்கொண்டிருந்தார். "நாலு நாளுல மறுபடி அடிச்சு அனுப்போணும். அந்த டிசைன் அவுங்களுக்குத்தான் தெரியும். வரச் சொல்லுங்க. உங்களை அப்புறம் பாத்துக்கறேன்."

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனேன். கதவைப் பாதி திறந்து நின்றாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. நான் மாடிக்குப் போய்ச் சொல்லிவிட்டதைச் சொன்னேன். ஏதோ பெரிய உபகாரம் செய்துவிட்ட குரல் எனக்கு. இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

"நீங்க சொன்னது சரி. அவரு சொன்னதுக்கு என்ன?" என்றாள்.

"அவரு கோவத்துல..."

"கோவத்துல பனியனைப் பத்திப் பேசணும். எங்க அம்மையைப் பத்தி எதுக்குப் பேசுதாரு? தாத்தன் பேரு தெரிஞ்சா எழுத்து நேரா விழுமோ? அவரைப் போன் போடச் சொல்லுங்க."

மறுநாள் காலையில் முதலாளியிடம் அதை அப்படியே சொன்னேன். "நானுங்களா?" என்றார். பக்கத்தில் பெரியவர் வேறு உட்கார்ந்திருந்தார். வேறு வழியில்லாமல் போன் போட்டு, பழக்கத்தில் ஸ்பீக்கரையும் போட்டுவிட்டார்.

"அம்மணி, வேலைக்கு வாங்க. மாஸ்டர் எல்லாஞ் சொல்லிட்டாருங்க."

"வாரேன் சார். நேத்து அந்த வார்த்தையை எல்லாரும் இருக்கையில சொன்னீங்க. வாபஸ் வாங்குறதையும் எல்லாரும் இருக்கையில வாங்குங்க."

முதலாளி போனைப் பார்த்தார். கனடாப் பெரியவரைப் பார்த்தார். "வாங்க, பாத்துக்கலாம்" என்று வைத்தார்.

பதினொரு மணிக்கு வந்தாள். முதலாளி தைக்கிற ஹாலுக்கு இறங்கி வந்தார். எல்லா மெஷினும் முழு வேகத்தில் ஓடுகிற நேரமாகப் பார்த்து, பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற கண்டக்டர் மாதிரி, "நேத்துப் பேசுனது தப்புங்க" என்று முணுமுணுத்தார்.

"கேக்கலீங்க சார்" என்றாள் அவள்.

முதல் வரிசையில் ஒரு அக்கா மெஷினை நிறுத்தினாள். பக்கத்தில் இருந்தவள் நிறுத்தினாள். ஒவ்வொன்றாக நின்று, ஹால் முழுக்க மின்விசிறிச் சத்தம் மட்டும் இருந்தது. பதினாலு தலைமுறைக்குச் சொந்தக்காரர் அந்த அமைதியில் இன்னொரு தடவை சொன்னார். "நான் பேசுனது தப்புங்க அம்மணி. உங்களையும் உங்க அம்மாவையும் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"சரிங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தாள். பெரியவர் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டார். ஒன்பது இடத்திலும் அந்த மூன்று எழுத்து திரும்ப வந்தது. மருமகள்கள் அவரவர் புருஷனிடம் திரும்பிப் போனார்கள். புது பனியன் நாலாம் நாள் கப்பலுக்குப் போனது. பழைய அறுநூறும், கழித்துக் கட்டிய சரக்கு விற்கிற காதர்பேட்டைக்குப் போய்க் குறைந்த விலைக்கு விற்றுத் தீர்ந்தது. கொஞ்ச காலம் திருப்பூரில் டீக்கடையில் நிற்கிற ஒடிசாக்காரர் முதுகிலும், காங்கேயம் பஸ்ஸில் தேங்காய் மூட்டையோடு ஏறுகிறவர் முதுகிலும் அந்த இல்லாத வம்சத்தைப் பார்த்தேன். அதில் ஒன்றுதான் நம் வீட்டுக்கும் வந்தது.

மாஸ்டர் வேலையிலிருந்து நான் பேக்கிங்குக்கு மாறியது அந்த மாதம்தான். பெயிண்ட் நெடியில் கண் எரிகிறது, நானே கேட்டு மாறிக்கொண்டேன் என்று உங்கள் இரண்டு பேரிடமும் சொன்னேன். உங்கள் அம்மாவிடமும் அதையே சொன்னேன். அது பொய். என்னை இறக்கினார்கள். நான் காலையிலேயே வாயைத் திறந்திருந்தாலும் இறக்கியிருப்பார்கள். அவள் மட்டும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டு அத்தனை பேர் முன்னால் நடந்து வெளியே போக வேண்டி வந்திருக்காது.